நடுவுல ஒரு சின்னக் கோடு

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் என் மனைவி பாத்திரம் எதையும் வீசுவதில்லை. பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு ஏ-ஃபோர் தாளை எடுத்து வந்து, டிவியில் செய்தி வாசிப்பவள் மாதிரி நின்று படிப்பாள்.

"கைண்ட்-ஹார்ட்டட். ஹார்ட்-ஒர்க்கிங். குட்-ஹ்யூமர்ட்." ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்ப்பாள். "இந்த மூணு பேர்ல யாருங்க இந்த வீட்டுல இருக்கறது? நான் இன்னும் ஒருத்தரையும் பாக்கல."

அது என் கல்யாண பயோடேட்டா. மேலே எனக்குத் தலையில் முடி இருந்த காலத்துப் புகைப்படம். அந்தத் தாளில் இன்றைக்கும் மாறாமல் இருப்பது பிறந்த ஊரும் இரத்த வகையும்தான். தட்டச்சு செய்தவன் நானே. வார்த்தைகளைக் கொடுத்தவர் டீச்சர்.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி நான் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். டீச்சர் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாள் அடிக்க வந்துதான் பழக்கம். மற்ற வாத்தியார்கள் தாளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் ஒவ்வொரு எழுத்தும் விழுவதை, கோழி முட்டையிடுவதைப் பார்ப்பவர் மாதிரி பார்ப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வார்த்தையைக் கேட்டாலும் வலது கையை மடக்கித் தாடைக்கடியில் வைத்து, மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். தாடை எத்தனை தரம் இறங்கிக் கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஊருக்கும் விடவில்லை. ஒருநாள் டீக்கடைக்காரர் சர்க்கரை போடாமல் டீயைக் கொடுத்துவிட்டார்.

"நீங்க அப்சென்ட்-மைண்டட்," என்றார் டீச்சர்.

"திட்டுறீங்களா டீச்சர்?"

"ஞாபகம் வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். எத்தனை அசைன்னு சொன்னா திட்டல."

கடைக்காரர் கையைத் தாடைக்கடியில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்களும் வைத்தார்கள். திருவாரூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த இரண்டு பேர், என்ன ஏது என்று தெரியாமலேயே வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பல்வலி முகாம் மாதிரி இருந்தது. "நாலு," என்றார் கடைக்காரர். டீச்சர் தலையாட்டினார். சர்க்கரை கடைசி வரைக்கும் வரவில்லை.

ஜோடி வார்த்தைகள் என்றால் அவருக்கு உயிர். "'ஹார்ட்டட்'னு தனியா ஒரு வார்த்தையே கிடையாது தம்பி. கைண்ட் வந்து பக்கத்துல நின்னு, நடுவுல ஒரு சின்னக் கோடு போட்டாத்தான் அதுக்கு உசிரு வருது. 'மைண்டட்', 'டெம்பர்ட்', எல்லாமே அப்படித்தான். ஒத்தையில வாழத் தெரியாததுங்க." அந்த ஜோடியை நான் வரி முனையில் உடைத்துவிட்டால் தாளைத் திருப்பிவிடுவார். "சேத்து வச்சதைப் பிரிக்காதீங்க. பாவம்."

அவர் கணவர் மஸ்கட்டில் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே, ஒருநாள் கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வார்த்தை டீச்சர்?"

"ஃபாரின்-ரிட்டர்ன்ட்டுன்னு எழுதியிருந்தாங்க," என்றார். "கல்யாணத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் ஆனாரு. அப்புறம் ஆகல."

சொல்லிவிட்டு, கேள்வித்தாளில் பதினாலாவது கேள்விக்கு முற்றுப்புள்ளி விட்டுப்போனதைக் காட்டினார். நான் புள்ளியை வைத்தேன். வேறு என்ன செய்ய?

என் பயோடேட்டாவுக்குப் பெண் கிடைத்ததும் ஊருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இவனுக்கே கிடைத்ததென்றால் அந்த எழுத்தில் ஏதோ இருக்கிறது என்று. துபாய், சிங்கப்பூர் மாப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பயோடேட்டாதான் மதிப்பு. கூத்தாநல்லூரிலிருந்து காரில் வருவார்கள். கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் என் கடைக்குள் உட்கார்வார். வந்தவர்களை எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைப்பார்.

"இங்கிலீஷை என்கிட்ட விடுங்க. நீங்க தமிழ்ல உள்ளதச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி."

சொல்வார்கள். தாடைக்கடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ஒரு வார்த்தை வரும்.

"எங்க தம்பி கையில காசே நிக்காதுங்க டீச்சர்."

"ஓப்பன்-ஹேண்டட்."

"பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தைக்குப் பதில் வரும்."

"சாஃப்ட்-ஸ்போக்கன்."

"வீட்ட விட்டு நகர மாட்டான். ஒரு வேலையும் செய்ய மாட்டான்."

"ஹோம்-லவிங்."

நான் சிரிப்பை அடக்க கீபோர்டைத் துடைப்பேன். அந்தக் காலத்தில் திருவாரூர் மாவட்டத்திலேயே சுத்தமான கீபோர்டு என்னுடையதுதான்.

"பொய்யா எழுதுறேன்னு நெனைக்கிறீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். "சட்டை மடிக்கிற மாதிரிதான் தம்பி இது. கிழிஞ்ச பக்கம் உள்ள போயிடும். போட்டுக்கப் போறவங்க பிரிச்சுப் பாப்பாங்கல்ல?"

பார்ப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ரைஸ் மில்காரர் வீட்டு அம்மா வந்தது ஒரு புரட்டாசியில். ஏசி காரில் வந்து என் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே பேசினார். மகன் மில்லைப் பார்த்துக்கொள்கிறான், குடி கிடையாது, சிகரெட் கிடையாது.

"குணம்?" என்றார் டீச்சர்.

அந்த அம்மா சிரித்தார். பிள்ளையின் குறும்பைச் சொல்கிற அம்மாக்களின் சிரிப்பு. "கோவம் வந்தா மட்டும் கைய நீட்டிடுவான். அவங்க அப்பா மாதிரியே. மத்தபடி தங்கம்."

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. கை தாடைக்கடியிலேயே இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். யார் மேல, எப்ப, எதுக்கு என்று ஏதாவது. அன்று கேட்கவில்லை. வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள், கரண்ட் வேறு போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. தாடை இரண்டு தரம் இறங்கியது.

"ஸ்ட்ராங்-வில்ட்."

"அப்டின்னா?"

"உறுதியான மனசு உள்ளவர்."

"ஐயோ, அப்படியே எம்புள்ளதான்!" என்று அந்த அம்மா கை தட்டினார்.

கார்த்திகை மழையில் இன்னொரு அம்மா வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். குத்தகை நிலம், ஒரே பெண், பி.காம் முடித்திருக்கிறாள், டீச்சரிடமே ப்ளஸ் டூ படித்தவள். குணத்தைக் கேட்டதும் அந்த அம்மா முகத்தில் பெருமை வந்தது.

"அடிச்சாக்கூட திருப்பி ஒரு வார்த்தை பேசாதுங்க டீச்சர். அப்படி வளத்துருக்கோம்."

"ஈஸி-கோயிங்," என்றார் டீச்சர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத குணம். நான் அடித்தேன்.

அவர் எழுதிக் கொடுப்பதோடு சரி. பொருத்திப் பார்ப்பது புரோக்கர் வேலை. எந்தத் தாள் எந்தத் தாளோடு போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

தை பிறந்து சில நாளில் புரோக்கர் ஒரு நிச்சயதார்த்தப் பத்திரிகை அடிக்க வந்தார். பெயர், படிப்பில் தப்பு வரக்கூடாது என்று இரண்டு பக்கத்துப் பயோடேட்டாவையும் என் ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பிழை பார்க்க டீச்சர் வந்தார்.

"ரெண்டு பக்கமும் நீங்கதான் போல டீச்சர்," என்றேன். "புரோக்கர் கமிஷன்ல பாதியைக் கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தாடைக்குப் போகவில்லை.

"தம்பி, இதைத் தமிழ்ல படிங்க."

"தமிழ் எங்க இருக்கு இதுல?"

"உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நீங்களும் இங்கதான ஒக்காந்திருந்தீங்க."

படித்தேன். இடது பக்கம், கோபம் வந்தால் கை நீட்டுவான். வலது பக்கம், அடித்தாலும் திருப்பிப் பேசாது. 

"பொருத்தமா இருக்கு," என்றார் டீச்சர். "ரொம்பப் பொருத்தமா இருக்கு தம்பி." பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது வந்தவர்கள் உட்காரும் ஸ்டூல்.

பிறகு எழுந்து, "உங்க வண்டி ஓடுமா?" என்றார்.

"எறக்கத்துல நல்லா ஓடும்."

"எடுங்க. அந்தப் பொண்ணு அப்பாவப் பாக்கணும். நீங்களும் வாங்க. நான் சொன்னா மாத்திச் சொல்றேம்பாங்க. கூடக் கேட்டவர் ஒருத்தர் வேணும்."

சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தையில் பருவம் தப்பிய மழை. நெல்லின் நிறமே மங்கிப்போயிருந்தது. சக்கரம் நெல்லில் ஏறாமல் நான் பாம்பு மாதிரி ஓட்டினேன்.   

பெண்ணின் அப்பா வீட்டில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் இருந்தார். நெல்லைக் கொண்டுவந்து குவித்துவிட்டு, முறை வரும் வரைக்கும் குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறவர்களில் அவரும் ஒருவர். வானத்தைப் பார்த்துத் தார்ப்பாயை மூடுவதும், வெயிலைப் பார்த்துத் திறப்பதுமாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு சாக்கை உதறி விரித்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. பத்திரிகையா? தோ, நம்ம நெல்லு எடை ஏறியிருந்தா நானே கடைக்கு வந்திருப்பேன்."

டீச்சர் உட்காரவில்லை. "அந்த இடம் வேண்டாம்ங்க."

"என்னது?"

"அந்தப் பையன் கை நீட்டுவான்."

பக்கத்துக் குவியலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களின் ஊசி நின்றது. பெண்ணின் அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரு சொன்னா? வேண்டாதவங்க ஆயிரம் சொல்லுவாங்க டீச்சர்."

"அவங்க அம்மாவே சொன்னாங்க. என் முன்னாடிதான் சொன்னாங்க. நான்தான் அதை இங்கிலீஷ்ல வேற மாதிரி எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு ஜோக்கும் கைவசம் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் தார்ப்பாயின் முனையைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். தூரத்தில், கொள்முதல்காரர் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரம் பார்க்கும் மிஷினுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். இங்க நெல்லுக்கு மிஷின் வச்சிப் பாக்குறாங்க. கொஞ்சம் ஈரம்னாக்கூட திருப்பிடுறாங்க. மாப்பிள்ளைக்கு நாங்க என்னத்த வச்சிப் பாக்குறது? நீங்க எழுதுனதைத்தான் பாத்தோம்."

தார்ப்பாயின் முனையை விட்டுவிட்டு அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சரி. அவனுக்கு மாத்தி எழுதுனீங்க. எம்பொண்ணுக்கு என்ன மாத்துனீங்க?"

அந்த நேரம் பார்த்து, டிபன் கேரியரோடு அந்தப் பெண் வந்து நின்றாள். பாதிப் பேச்சைக் கேட்டிருப்பாள் போல. அப்பாவை ஒரு தரம், டீச்சரை ஒரு தரம் பார்த்தாள்.

"எதிர்ல வச்சே சொல்லுங்க," என்றார் அப்பா.

"ஈஸி-கோயிங்னு எழுதினேன்." டீச்சரின் குரல் வகுப்பில் தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளையின் குரலாக இருந்தது. "இவங்க அம்மா சொன்னது... அடிச்சாக்கூட திருப்பி ஒரு வார்த்தை பேசாதுன்னு."

அப்பா குவியலைப் பார்த்தார். பெண் குனிந்து, கேரியரைத் திறந்து, ஒவ்வொரு அடுக்காகச் சாக்கின் மேல் வைத்தாள். சோற்றில் ரசத்தை ஊற்றி அப்பா பக்கம் தள்ளினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"டீச்சர், பையனோட அம்மா அவன் கை நீட்டுறதச் சிரிச்சிக்கிட்டே சொன்னாங்களா, அழுதுக்கிட்டே சொன்னாங்களா?"

டீச்சர் கண்ணை மூடினார். கேட்டதைத் திரும்பக் கேட்கிறார் என்று தெரிந்தது.

"சிரிச்சிக்கிட்டே."

"அப்ப வேண்டாம்ப்பா," என்றாள் அந்தப் பெண். மூட்டை தைக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அந்தக் கல்யாணம் நின்றது. கதை அங்கே முடிந்திருந்தால் டீச்சருக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் பெண்ணின் அம்மா என் கடை வாசலில் நின்று, ஊர் வாயில் எங்களை ஏற்றிவிட்டீர்களே என்று மண்ணை வாரித் தூற்றினார். புரோக்கர், "எழுத வந்தவங்களுக்கு எதுக்குங்க தீர்ப்பு?" என்று நாலு கடை தள்ளிப் போய் டைப் அடித்துக்கொண்டார். சனிக்கிழமைக் கூட்டம் கலைந்தது. உள்ளதைச் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று டீச்சருக்குப் பெயராகிவிட்டது. அந்த ஸ்டூலில் இப்போது கூரியர் பார்சல் வைக்கிறேன்.

டீச்சரை உலுக்கியது அதெல்லாம் இல்லை. மாசி மாதம் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. யாரோ மாணவி, தன் அக்காவுக்கு வந்த வரன் என்று, கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தாள். அதே மில்காரர் மகன், அதே தாள், அதே ஸ்ட்ராங்-வில்ட்.

"தம்பி, இதை அழிக்கணும்," என்று கடைக்கு ஓடிவந்தார்.

"என் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம் டீச்சர். ஊர்ல இருக்கிற ஃபோன்ல எல்லாம் எப்படி அழிக்கிறது?"

அதிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழு எங்கே இருந்தாலும் போய்ச் சேர்ந்தார். கும்பகோணம் குழு, திருவிடைமருதூர் குழு, வெளிநாட்டுக் குழு. பள்ளி விட்ட நேரமெல்லாம், வருஷக்கணக்கில், தன் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டால், கீழே விசாரித்திருப்பவர்களின் எண்ணுக்கு அடிப்பார். "நான் ஒரு டீச்சர் பேசுறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தப் பையன் கை நீட்டுவான்." அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டாமல் அப்படியே சொல்வார். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பைத்தியம் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர், "மில்லு வேணும்னு நீங்க ட்ரை பண்றீங்களா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

மில் வீட்டோடு நிற்கவும் இல்லை. ஓப்பன்-ஹேண்டட் எங்கே போனான், ஹோம்-லவிங் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஜோடி வார்த்தைப் பாடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தாடைக்கடியில் கை வைப்பதும் நின்றுபோனது. டீக்கடைக்காரரே ஒருநாள், "எத்தனை அசைன்னு கேளுங்களேன் டீச்சர்," என்று வம்புக்கு இழுத்துப் பார்த்தார். "சர்க்கரை போடுங்க, போதும்," என்றார் டீச்சர்.

அட்மின்கள் அவர் எண்ணைக் குழுக்களிலிருந்து தூக்கியபோது டீச்சர் என் ஃபோனைக் கேட்டார். கடை ஃபோன்தானே என்று கொடுத்தேன். என் எண்ணில் எல்லாக் குழுவிலும் சேர்ந்தார். விளைவு, ராத்திரி சாப்பிடும்போது என் ஃபோனில் வரிசையாகப் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் வந்து விழுந்தார்கள். மனைவி ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பீரோ பக்கம் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அன்று மட்டும் அவள் அந்தத் தாளை எடுக்கவில்லை. "எங்க அப்பாவுக்கும் அன்னைக்கு இப்படி ஒரு ஃபோன் வந்திருக்கலாம்," என்று முணுமுணுத்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள்.

டீச்சர் போன ஐப்பசி மழையில் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. கல்யாணம் நின்றுபோன அந்தப் பெண் வந்திருந்தாள். நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாளாம். கடைசி வரைக்கும் ஒரு ஓரமாக நின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

டீச்சர் போனாலும் என் எண் குழுக்களில் அப்படியேதான் இருந்தது. வெளியே வரவேண்டும் என்று தினமும் நினைப்பேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போகும். கடையில் மும்முரமான வேலை என்று ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம்.

போன வாரம் மில்காரர் மகனின் தாள் வந்தது. வேறு யாரோ புதிதாக அடித்திருந்தார்கள். போட்டோ புதிது, தலைக்கு மை அடித்திருந்தான். வயதைக் குறைத்திருந்தார்கள். எல்லாம் மாறியிருந்தது, டீச்சரின் வார்த்தையைத் தவிர. அதுவும் வரி முனையில் உடைந்து, ஸ்ட்ராங் மேலேயும் வில்ட் கீழேயுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இருந்தால் தாளைத் திருப்பியிருப்பார்.

கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "எங்களிடம் பெண் இருக்கிறது. பையன் குணம் நன்றாகப் போட்டிருக்கிறது. ஜாதகம் அனுப்பவும்." எண்ணும் இருந்தது.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். பிறகு வாங்க என்றேன். அந்த எண்ணுக்கு அடித்தேன்.

அந்தப் பக்கம் அறுவடை மிஷின் ஓடும் சத்தம். அதற்கு மேல் ஒரு குரல். "ஹலோ, யாருங்க?"

எனக்கு எந்த வீட்டுச் சாவிலும் சொல்ல ஒரு ஜோக் இருக்கும். தாடைக்கடியில் கை போயிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். தாடை இறங்கவே இல்லை.

"ஹலோ? பொண்ணோட அப்பாதான் பேசுறேன். நீங்க யாரு?"

"டைப் அடிச்சவன் பேசுறேங்க," என்றேன். "வச்சிடாதீங்க."